கொன்னமேட்டில் வண்டி ஒரு நிமிடம் நிற்கும்

ரயிலில் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் மாஸ்டரைத் தெரியும், டிக்கெட் பரிசோதகரைத் தெரியும். ஹால்ட் ஏஜென்ட் என்று ஒருவர் உண்டு என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. ரயில்வே ஊழியர் இல்லை. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. சின்ன ஊர்களில், சிக்னலும் மாஸ்டரும் இல்லாத நிறுத்தங்களில், உள்ளூர் ஆள் ஒருவரை டிக்கெட் விற்க அமர்த்துவார்கள். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனுக்குப் போய் அச்சடித்த டிக்கெட் கட்டை வாங்கி வந்து, தேதி முத்திரை குத்தி விற்க வேண்டும். விற்ற டிக்கெட்டுக்குக் கமிஷன் உண்டு, அவ்வளவுதான். அறையைக் கூட்டுவதும் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் தண்டவாளத்தில் மாடு நின்றால் விரட்டுவதும் கமிஷனில் சேராது. கொன்னமேட்டு ஹால்ட்டில் பதினோரு வருஷமாக இதையெல்லாம் செய்தது ரஞ்சிதா.

கொன்னமேடு, சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் பாதையில், வாழப்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. பஸ் ஏற மூன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதனால் காலை எட்டு பத்துக்குச் சேலம் போகும் பாசஞ்சரும், சாயந்திரம் ஆறு இருபத்தைந்துக்குத் திரும்பும் பாசஞ்சரும்தான் எங்களுக்குக் கை கால். இரண்டும் ஒரு நிமிடம் நிற்கும். ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், பூ மார்க்கெட்டுக்குக் கூடை கொண்டு போகிறவர்கள், சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர் ஆபீசில் கிளார்க்காகக் குப்பை கொட்டும் நான், எல்லோரும் அந்த ஒரு நிமிடத்துக்குள் ஏறியாக வேண்டும்.

ரஞ்சிதாவுக்குப் பிறந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கள் ஊர் குமரன், அந்தப் பக்கத்து ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போன இடத்தில் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். கட்டி வந்து விட்டுவிட்டு அவன் மறுபடியும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டான். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வருஷத்தில் ஒன்பது மாதம் அங்கேதான். இங்கே இவள் பேச்சைக் கேட்டு ஊர்ப்பெண்கள் கொஞ்ச நாள் சிரித்தார்கள். 'ஏனுங்க' என்று அவள் ஆரம்பித்தாலே பின்பாட்டுப் பாட ஆள் இருந்தது. ஹால்ட்டுக்கு ஆள் எடுத்தபோது பத்தாவது தேறி, உள்ளூரில் நிரந்தரமாக இருப்பதாக எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தது அவள் ஒருத்திதான்.

என்னிடம் அவள் முதன்முதலில் பேசியதே திட்டுத்தான். நான் தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்து ஏறப் பார்த்தேன்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல கடிகாரம் இல்லீங்களா? தினமும் ஓடியாறீங்க. கால் தவறுனா ஆருங்க பதில் சொல்றது?"

மறுநாளே எட்டு பத்துக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டாள். தினமும் ஏழு ஐம்பத்தெட்டு, ஏழு ஐம்பத்தொன்பதுக்கு அவள் குரல் வரும். "வாழப்பாடி எடுத்துட்டானுங்க. எல்லாரும் பொறப்படுங்க." அந்தக் குரலைக் கேட்டபிறகு சட்டை போட்டால் சரியாக இருக்கும். என் மனைவி அதை வைத்துத்தான் டப்பாவில் சோறு கட்டுவாள்.

டிக்கெட் அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கம்பி போட்ட ஜன்னல், சிமெண்ட் பெஞ்சு இரண்டு. ஜன்னலுக்கு மேலே மஞ்சள் பலகையில் 'முகவர்: கு. ரஞ்சிதா' என்று எழுதியிருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை தன் காசில் பெயிண்ட் வாங்கி அந்த எழுத்தை அவளே தீட்டுவாள். ஏன் இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். "ஊட்டு வரி ரசீது மாமனார் பேருல. கேஸ் சிலிண்டரு அவரு பேருல. கரண்டு பில்லு அவரு பேருல. என் பேரு இருக்கறது இந்தப் பலகைல மட்டுந்தானுங்க" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஊருக்குத் தெற்கே குச்சிக்கிழங்கும் மக்காச்சோளமும் விளைந்த காடுகளை வளைத்து ஒரு கிரிக்கெட் ஸ்டேடியம் எழும்பியது. ஹால்ட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். விளக்குக் கோபுரங்கள் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். ஆட்டம் நடக்கிற நாட்களில் சேலத்திலிருந்து ஸ்பெஷல் ரயில் விடுவார்கள், அது கொன்னமேட்டில் நிற்கும் என்று செய்தி வந்தது. பிளாட்பாரத்தை நீட்டினார்கள். குழாய் போட்டார்கள். அத்தனை வருஷமாக ரஞ்சிதா எழுதிக் கேட்டும் வராத குழாய், ஆட்டம் வருகிறது என்றதும் ஒரே வாரத்தில் வந்தது. அவளுக்கு அதில்கூடக் கோபம் இல்லை. "எப்படியோ வந்துச்சுங்களே" என்றாள். ஸ்டேஷனுக்குப் போய் வழக்கத்தைவிட ஐந்து கட்டு டிக்கெட் கூடுதலாக வாங்கி வந்தாள்.

முதல் ஆட்டத்தன்று ஸ்பெஷலிலிருந்து தொள்ளாயிரம் பேருக்கு மேல் இறங்கினார்கள். முகத்தில் வர்ணம், கையில் கொடி, வாயில் ஊதல். கொன்னமேட்டில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. ரஞ்சிதா புதுச் சேலை கட்டி ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடிந்து அத்தனை பேரும் திரும்ப வந்தார்கள். ஜன்னல் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பெஷலுக்குச் சேலத்தில் போக வரச் சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கொடுத்திருந்தார்கள். எல்லோர் கையிலும் ரிட்டன் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு அவள் விற்றது ஒன்பது டிக்கெட். அந்த ஒன்பதும் பைக்கில் வந்து பஞ்சரானவர்கள், நண்பனைத் தொலைத்தவர்கள் வாங்கியது. கூடவே நூறு பேராவது, பாத்ரூம் எங்கே, தண்ணீர் ஏன் வரவில்லை, வண்டி ஏன் லேட் என்று அவளை ஏசிவிட்டுப் போனார்கள். பதில் சொல்ல அங்கே வேறு யார் இருந்தார்கள்?

அந்த வருஷக் கடைசியில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நாளொன்றுக்குச் சராசரி இருபத்தைந்து டிக்கெட்டுக்குக் கீழே விற்கும் ஹால்ட்களில் பாசஞ்சர் வண்டி நிற்பது மறுபரிசீலனை செய்யப்படும். கொன்னமேட்டில் விற்பது பதினாறு, பதினெட்டு.

ரஞ்சிதா கடிதத்தை என்னிடம் கொண்டு வந்தாள். என் பெயர் செந்தமிழன். பெயர் வைத்த பாவத்துக்கு ஊரில் எந்த மனு எழுதுவதானாலும் என் தலையில்தான் விழும்.

"ஏனுங்ணா, தினமும் அம்பத்தஞ்சு பேரு ஏறுறாங்க. பதினாறுன்னு எழுதியிருக்குதுங்களே?"

காரணம் எனக்குத் தெரியும். எங்களில் முப்பத்தெட்டுப் பேரிடம் சீசன் டிக்கெட். ஹால்ட்டில் சீசன் கொடுக்க மாட்டார்கள், சேலத்தில்தான் எடுக்க வேண்டும். எடுத்த இடத்துக் கணக்கில்தான் அது ஏறும். ஆக, தினமும் ஏறுகிற நாங்களும் கொன்னமேட்டுக் கணக்கில் இல்லை. ஆட்டத்துக்கு வந்து போகிற ஆயிரம் பேரும் கொன்னமேட்டுக் கணக்கில் இல்லை. நான் விளக்கிச் சொன்னதும் கடிதத்தை மடித்தாள்.

"அப்ப ஒண்ணு பண்ணலாமுங்ணா. ரெண்டு மாசத்துக்குச் சீசனை உட்டுட்டுத் தினமும் எங்கிட்ட டிக்கெட் எடுங்க. நீங்க சொன்னா மத்தவிய கேப்பாங்க."

"பாக்கலாம்மா" என்றேன். 'பாக்கலாம்' என்பதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். சீசனோடு பார்த்தால் தினசரி டிக்கெட் கட்டுப்படியாகாது என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரமே சேலத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்துச் சீசன் எடுத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. மற்றவர்களும் என்னைப் போலத்தான்.

அதற்குப் பதிலாக மனு எழுதினேன். காசு செலவில்லாத உதவி அது ஒன்றுதானே. மனுமேல் மனுவாக ஆறு போட்டோம். ஆறாவதற்குப் பதில் வந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து ஒரு நாள் முழுக்கத் தலை எண்ணுவார், அதை வைத்து முடிவெடுப்பார்கள். தேதியைப் பார்த்ததும் ரஞ்சிதா துள்ளிவிட்டாள். ஜூன் பதினான்கு. அன்றைக்கு ஸ்டேடியத்தில் ஆட்டம் இருந்தது.

"சாமியாப் பாத்துக் குடுத்த நாளுங்ணா. காத்தால நம்ம சனம். மத்தியானம் ஸ்பெஷல் சனம். எண்ணி எண்ணிக் கை வலிக்கட்டும் அவருக்கு."

அடுத்த பத்து நாளும் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அன்றைக்கு மட்டும் எல்லோரும் டிக்கெட் எடுத்து எட்டு பத்தில் ஏறுங்கள், அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் போய் இறங்கி பஸ்ஸில் திரும்பினால்கூடப் போதும் என்று கெஞ்சினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். முன்னாள் வார்டு உறுப்பினர் சின்னண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், "நீ கவலயே படாத. ஊரையே கொண்டாந்து நிறுத்துறேன். அதிகாரி அசந்துரணும்" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏற்றுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நிறுத்துகிறேன் என்றுதான் சொன்னார்.

ஜூன் பதினான்கு காலை ஏழரைக்கு அதிகாரி அருணகிரி பைக்கில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் கணக்குத் தாள் செருகிய ஒரு அட்டையும் பேனாவும். பிளாட்பாரத்தைப் பார்த்ததும் தயங்கி நின்றுவிட்டார். இருநூறு பேர் இருந்தார்கள். நுழைவில் பிளெக்ஸ் கட்டியிருந்தது. 'வருகை தரும் அதிகாரி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்று கீழே சின்னதாகவும், மேலே சின்னண்ணன் கும்பிடும் படம் பெரிதாகவும் இருந்தது. பம்பை மேளக்காரர்கள் நான்கு பேர். மைக் செட். தட்டில் எலுமிச்சம்பழம், மடித்த பொன்னாடை. இதற்கெல்லாம் கைக்காசு போட்ட ஊர், இரண்டு மாதம் தினசரி டிக்கெட் எடுக்க மாட்டேன் என்ற ஊர்தான்.

ஜன்னலுக்குள் ரஞ்சிதாவுக்கு வேர்த்துக் கொட்டியது. சந்தோஷ வேர்வை. வரிசையில் நின்று வாங்கினார்கள். முத்திரை குத்திக் குத்தி அவள் விரலெல்லாம் மை. அறுபத்து மூன்று டிக்கெட். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அவ்வளவு விற்றதில்லை. வாங்கிய ஒவ்வொருவரும் டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு மைக் செட் பக்கம் போனார்கள்.

சின்னண்ணன் பொன்னாடை போர்த்தினார். அதிகாரி, "இதெல்லாம் எதுக்குங்க, வண்டி வர்ற நேரம்" என்று நெளிந்தார். யார் கேட்டார்கள்? பிறகு சின்னண்ணன் மைக்கை என்னிடம் கொடுத்து, "மனுவைப் படிங்க செந்தமிழன்" என்றார். நான்கு பக்கம் எழுதியிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஆபீசில் என்னை யாரும் பேசவே விட மாட்டார்கள். இங்கே இருநூறு பேர் முன்னால் என் குரல் ஒலிபெருக்கியில் எனக்கே கேட்டது. அடுத்த வரியை எப்படி ஏற்றி இறக்கிப் படிக்கலாம் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

இரண்டாம் பக்கத்தில் இருந்தபோது வண்டி வந்தது. நிறுத்திவிட்டு ஏறலாம் என்று சின்னண்ணனைப் பார்த்தேன். படியுங்கள், படியுங்கள் என்று அவர் கை காட்டினார். மேளக்காரர்கள் வண்டியைக் கண்டதும் உற்சாகமாகி இன்னும் ஓங்கி அடித்தார்கள். கூட்டம் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தபடி நின்றது. கூட்டத்தின் பின்னால் மாட்டிக்கொண்ட ஜவுளிக்கடைப் பெண்கள் வழி கேட்டு முண்டினார்கள். ரஞ்சிதா ஜன்னலை விட்டு வெளியே ஓடி வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் கை வைத்துத் தள்ளினாள்.

"ஏறுங்க சாமி, ஏறுங்க. எடுத்துருவானுங்க. ஏறுங்க."

பம்பைச் சத்தத்தில் அவள் வாய் அசைந்தது தெரிந்தது, சொன்னது கேட்கவில்லை, பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மனுவிலிருந்து கண்ணை எடுத்திருந்தால் அதையாவது சரியாகப் பார்த்திருப்பேன். 'எங்கள் ஊர் மக்களின் உயிர்நாடியாக விளங்கும் இந்த ரயில் வண்டியை' என்ற வரியைப் படித்து முடித்தபோது அந்த ரயில் வண்டியின் கடைசிப் பெட்டி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஏறியது ஏழு பேர். தினமும் ஏறுகிற ஐம்பத்தைந்து பேரில் நாற்பத்தெட்டுப் பேரை, வரவேற்பு வைத்தே நாங்கள் கீழே நிறுத்திவிட்டோம். நானும் அதில் ஒருவன். என் சீசன் டிக்கெட் பையிலேயே இருந்தது.

மேளம் நின்றபிறகு அருணகிரி அட்டையில் ஏழு என்று எழுதினார். ஜன்னலுக்குப் போய் டிக்கெட் கட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏம்மா, அறுபத்து மூணு டிக்கெட் வித்திருக்கு. ஏறுனது ஏழு பேரு. மீதி ஆளெல்லாம் எங்க?"

பதில் சொல்ல ரஞ்சிதா வாயைத் திறப்பதற்குள் சின்னண்ணன் முந்திக்கொண்டார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"எல்லாம் இங்கதான் சார் இருக்காங்க. டிக்கெட்ட எடுத்துக் காட்டுங்கப்பா. ஹால்ட்டக் காப்பாத்தணும்னு ஊரே சேந்து எடுத்துருக்குது சார்."

பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து உயர்த்திக் காட்டினார்கள். சிலர் கை தட்டினார்கள். கணக்கெடுக்க வந்தவரிடம், நாங்கள் போகாமலே டிக்கெட் வாங்கினோம் என்று ஐம்பது பேர் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னார்கள். அவர் பொன்னாடையை மடித்துப் பெஞ்சில் வைத்தார். "அம்மா, நான் எண்ண வந்தது தலைய. இப்ப இந்த டிக்கெட்டப் பாத்தா, இதுக்கு முன்னாடி வித்ததும் இப்பிடித்தானோன்னு மேல கேப்பாங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். வருத்தமாகச் சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார்.

ரஞ்சிதா அவரை மத்தியானமும் வேறெங்கும் போக விடாமல் பிளாட்பாரத்திலேயே இருக்க வைத்தாள். அவளுக்கு ஸ்பெஷல் மேல் நம்பிக்கை இருந்தது. அதற்குள் ஊர் கலைந்துவிட்டது. ஆட்ட நாளில் அறுவடை முடிந்த காட்டையெல்லாம் காசுக்குக் கார் நிறுத்த விடுவது எங்கள் வழக்கம். வரவேற்பு முடிந்த கையோடு சுண்ணாம்புக் கோடு போடவும் கயிறு கட்டவும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று ஐம்பதுக்கு ஸ்பெஷல் வந்தது. ஆயிரத்து இருநூறு பேராவது இருக்கும். பிளாட்பாரம் கொள்ளாமல் தண்டவாளத்துச் சரளையில் இறங்கி நடந்தார்கள். ரஞ்சிதா அதிகாரி பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், இவிங்களையாச்சும் எழுதுங்க."

"இது ஸ்பெஷல்ம்மா. ஹால்ட்டு கணக்குல வராது."

"இந்த ஹால்ட்டுலதானுங்களே எறங்குறாங்க?"

அவர் அட்டையை அவளிடமே திருப்பிக் காட்டினார். "பாருங்க. காலை வண்டி, சாயந்திர வண்டி. ரெண்டுதான் இருக்கு. இவுங்கள எழுதுறதுக்குக் கட்டம் இல்லம்மா."

அவள் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். கட்டம் எங்காவது ஒளிந்திருக்குமா என்று தேடுகிறவள் மாதிரி பார்த்தாள். சாயந்திர வண்டியில் நான்கு பேர் இறங்கினார்கள். காலையில் போனால்தானே சாயந்திரம் வருவார்கள்.

அதிகாரி போனபிறகு அவள் பிளெக்ஸை அவிழ்த்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சின்னண்ணனைத் திட்டவில்லை, ஊரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நீங்களாச்சும் ஏறியிருக்கலாமுங்ணா" என்றாள்.

"படிச்சுக்கிட்டு இருந்தேம்மா" என்றேன். இதைவிடக் கேவலமான பதிலை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

உத்தரவு செப்டம்பரில் வந்தது. அக்டோபர் ஒன்றிலிருந்து கொன்னமேட்டில் பாசஞ்சர் வண்டிகள் நிற்காது. ஆட்ட நாட்களில் ஸ்பெஷல் மட்டும் நிற்கும். முகவர் நியமனம் ரத்து. காரணம் என்ற இடத்தில், டிக்கெட் விற்பனை ஐயத்துக்குரியது என்று ஒரு வரி இருந்தது. அவள் ஒரு நாளும் ஒரு டிக்கெட்டில்கூடக் கை வைத்தவள் இல்லை. அந்த ஒரு வரியைத் தூக்கச் சொல்லி நான் மறுபடி மூன்று மனு எழுதினேன். பதில் வரவில்லை.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஏழு ஐம்பத்தெட்டுக்கு வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது. "வாழப்பாடி எடுத்துட்டானுங்க." வழக்கமாகச் சொல்லும் அடுத்த வாக்கியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி ஊதிக்கொண்டு நிற்காமல் போனது வீட்டுக்குள்ளேயே கேட்டது. என் மனைவி கரண்டியோடு நின்று கேட்டாள். அப்புறம் அந்தக் குழுவில் பொங்கல் வாழ்த்தைத் தவிர எதுவும் வருவதில்லை. ஜவுளிக்கடைப் பெண்களில் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். நான் பைக் வாங்கினேன்.

பிளாட்பாரம் இப்போது பளபளப்பாக இருக்கிறது. மஞ்சள் பலகையின் மேல் ஏதோ குளிர்பான விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். ஆட்ட நாட்களில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கான்ட்ராக்ட்காரர் நாள் கூலிக்கு ஆள் எடுக்கிறார். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக் கயிறு பிடித்து நிற்க வேண்டும். ரஞ்சிதா அந்த வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்க்கவில்லை. சொல்லப்போனால், பார்க்காமல் இருக்கத்தான் பார்த்துக்கொண்டேன்.

இந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை, பைக்கை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, அரை நாள் ஆபீஸ் முடிந்து சேலத்தில் நின்றேன். ஸ்டேஷனில் ஸ்பெஷல் புறப்படத் தயாராக இருந்தது. என் வீட்டு வாசலில் போய் நிற்கிற வண்டி. கவுண்டரில், "கொன்னமேடு ஒண்ணு, போறதுக்கு மட்டும்" என்றேன்.

"ஸ்பெஷலுக்கு அப்பிடிக் கிடையாது சார். போக வரச் சேத்துத்தான்."

"நான் திரும்ப வர மாட்டேங்க. அது என் ஊரு."

உள்ளே இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் வரிசையில் விசில் அடித்தார்கள். ரிட்டனே எடுத்தேன். பெட்டியில் பக்கத்து சீட்காரர், நாமக்கல்லிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், நல்ல மனிதர், முறுக்கு கொடுத்தார். "கொன்னமேடுங்கறது ஸ்டேடியத்துக்கு வெச்ச ஸ்டேஷனுங்களா? அங்க ஊரு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

இறங்கியதும் கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டே போனது. பிளாட்பாரம் முடியும் இடத்தில் ஊர்ப் பாதையைக் குறுக்கே கயிறு கட்டி மறித்து, எல்லோரையும் ஸ்டேடியம் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் முனையை ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரஞ்சிதா பிடித்திருந்தாள். இன்னொரு கையில் சின்ன நோட்டு. அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நின்றதைப் பார்த்தும் எண்ணுவதை விடவில்லை. கூட்டம் வடிந்தபிறகு நோட்டில் ஒரு எண்ணை எழுதினாள். அதற்கு மேலே, முன்பு நடந்த ஆட்டங்களின் தேதியும் எண்ணும் வரிசையாக இருந்தன.

"இன்னிக்கு ஆயிரத்து நானூத்திப் பதினேழுங்ணா."

"யார் கேட்டாங்கம்மா இதை?"

"ஆரும் கேக்கலைங்க" என்றாள். என் கையைப் பார்த்தாள். "உங்க ஊட்டுக்கு வாரதுக்கே ரிட்டன் எடுத்தீங்களா?"

எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று, "என்னையும் சேத்துட்டியாம்மா அந்தக் கணக்குல?" என்றேன்.

அவள் நோட்டை மூடி ஜாக்கெட் பைக்குள் வைத்தாள். குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. பதினோரு வருஷம் ஜன்னலுக்குள்ளிருந்து பதில் சொன்ன அதே குரல்தான்.

"நீங்க ஊருக்காரருங்ணா. உங்கள எழுதுறதுக்குக் கட்டம் இல்லீங்க."

கயிற்றைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். நான் குனிந்து, அதற்கடியில் நுழைந்து வீட்டுக்குப் போனேன்.